ஆங்கிலச் சொற்களில் கிரேக்க, ரோமானியத் தெய்வங்கள்: எட்டிம்ஆன்லைனை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கிரேக்க, ரோமானியத் தொன்மக் கதைகளிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொற்களைத் தேடுகிறவர்கள் முதலில் திறக்க வேண்டிய தளம் ‘ஆன்லைன் எட்டிமாலஜி டிக்‌ஷனரி’. பயன்படுத்துகிறவர்கள் எட்டிம்ஆன்லைன் என்பார்கள். டக்ளஸ் ஹார்ப்பர் என்ற அமெரிக்கர் தொகுத்தது. 2000-களின் தொடக்கத்திலிருந்து இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தொன்மச் சொற்களுக்கு இது மிக நல்ல கருவி. ஆனால் எல்லா வகைத் தொன்மச் சொல்லுக்கும் ஒரே அளவு நல்லதல்ல. தெய்வத்தின் பெயர் நேராகச் சொல்லாக மாறிய இடங்களில் இதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். தெய்வத்தின் பெயரே ஒரு பொதுச்சொல்லாக இருந்த இடங்களிலும், சொற்றொடர்களிலும் பக்கத்தில் வேறு நூல் வேண்டும்.

இது பொருள் அகராதி அல்ல என்பதை முதலிலேயே மனதில் வைக்க வேண்டும். ஒரு சொல்லின் எல்லாப் பொருள்களும் வரிசையாக இங்கே இருக்காது. சொல் எங்கிருந்து வந்தது, எப்போது ஆங்கில எழுத்தில் பதிவானது, வழியில் எந்தெந்த மொழிகளைக் கடந்தது என்பதுதான் இதன் வேலை. முன்னோர் தொகுத்த பெரிய சொற்பிறப்பு அகராதிகளைப் படித்து, ஒப்பிட்டு, சுருக்கி எழுதியது. அதனால் ஒவ்வொரு பதிவும் ஒரு பத்தி அளவில் அடங்கிவிடும். பத்து நொடியில் படித்துவிடலாம். அந்த வேகமே சில சமயம் ஆபத்தும் ஆகிறது, ஏனென்றால் பத்து நொடியில் படித்தால் பாதிதான் புரியும்.

‘பேனிக்’ பதிவை எடுத்துக்கொள்வோம். பெயர்ச்சொல்லாக 1708 என்று ஆண்டு போட்டிருக்கும். உடனே பலரும் “இந்தச் சொல் 1708-இல் பிறந்தது” என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் அதே பதிவின் அடுத்த சில சொற்களில், இது ஏறத்தாழ 1600-லிருந்தே அச்சத்துக்கு அடைமொழியாக வழங்கியது என்ற தகவல் இருக்கிறது. அதற்கு முன்னால் பிரெஞ்சு, அதற்கும் முன்னால் கிரேக்கத்தின் பானிகோன், அதாவது பான் என்ற காட்டுத் தெய்வத்துக்கு உரியது. மனித நடமாட்டம் இல்லாத மலைகளிலும் காடுகளிலும் மந்தைகளையும் மனிதர்களையும் காரணமே தெரியாமல் கலங்கி ஓடவைக்கும் அச்சத்தை பானின் வேலை என்று கிரேக்கர்கள் நம்பினார்கள். இன்றும் அந்தச் சொல்லில் “காரணம் தெரியாத, கூட்டத்தைத் தொற்றும்” என்ற நிறம் ஒட்டிக்கொண்டிருப்பது இதனால்தான்.

ஆக, இந்தத் தளத்தில் ஆண்டுகளைப் படிக்கும் முறை தெரிய வேண்டும். ஓர் ஆண்டு தனியாக நின்றால், எழுத்தில் கிடைத்த மிகப் பழைய சான்று அந்த ஆண்டைச் சேர்ந்தது என்று பொருள். மக்கள் வாயில் அதற்கு முன்பே இருந்திருக்கலாம். 1590-கள் என்று பத்தாண்டாகக் கொடுத்திருந்தால் அந்தப் பத்து ஆண்டுக்குள் எங்கோ ஓரிடம். “ஏறத்தாழ” என்பதன் சுருக்கம் முன்னால் இருந்தால் இன்னும் கொஞ்சம் தளர்வு. நூற்றாண்டு மட்டும் இருந்தால், கையெழுத்துப் படிகளின் காலம் அவ்வளவு துல்லியமாகத் தெரியாது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு பதிவுக்குள் இரண்டு மூன்று ஆண்டுகள் வந்தால் ஒவ்வொன்றும் வேறொரு பொருளுக்கோ வேறொரு இலக்கண வடிவத்துக்கோ உரியது. ‘சீரியல்’ நல்ல எடுத்துக்காட்டு. தானியத்துக்குரிய என்ற பெயரடையாக 1818, தானியப் பயிர் என்ற பெயர்ச்சொல்லாக 1832, காலை உணவுப் பொட்டலம் என்ற பொருளில் 1899. மூன்றுக்கும் மேலே நிற்பவள் விளைச்சலின் ரோமானியத் தெய்வமான சீரீஸ். கட்டுரையில் ஆண்டைச் சொல்வதானால் எந்தப் பொருளுக்கு என்று சேர்த்துச் சொல்லுங்கள்; இல்லாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

உடுக்குறி (*) இன்னொரு அடையாளம். ஒரு வேர்ச்சொல்லுக்கு முன்னால் அது இருந்தால், அந்த வடிவம் எந்த எழுத்திலும் கிடைத்ததல்ல. மொழியியலாளர்கள் ஒப்பிட்டு மீட்டுருவாக்கியது. இந்தோ-ஐரோப்பிய மூலங்கள் எல்லாமே இப்படித்தான். சீரீஸ் என்ற பெயருக்கும் “வளர்தல்” என்ற பொருள் கொண்ட மூலம் இப்படிக் காட்டப்படுகிறது. அதைச் சான்றுள்ள சொல்லாக மேற்கோள் காட்டுவது அடிக்கடி நடக்கும் பிழை.

தேடும் விதத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஆங்கிலச் சொல்லைத் தட்டித் தேடுவதைவிட, தெய்வத்தின் பெயரைத் தட்டிப் பாருங்கள். தலைச்சொல் மட்டுமன்றி, விளக்கத்துக்குள் அந்தப் பெயர் வரும் பதிவுகளும் வரும். ஹெர்மீஸ் என்று தட்டினால் ‘ஹெர்மெடிக்’ கிடைக்கும். அங்கே போனால் கதை எதிர்பாராத பக்கம் திரும்பும். காற்றுப் புகாமல் மூடியது என்ற இன்றைய பொருளுக்கும் சிறகுச் செருப்பணிந்த தூதுத் தெய்வமான ஹெர்மீஸுக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. ஹெர்மீஸையும் எகிப்தின் தோத் தெய்வத்தையும் இணைத்து உருவான ஹெர்மீஸ் டிரிஸ்மெகிஸ்டஸ் என்ற பெயரில் ரசவாத நூல்கள் உலவின. கண்ணாடிக் குழாயின் வாயை உருக்கி மூடும் ரசவாதிகளின் முறைக்கு அவர் பெயர் வந்தது. அந்த மூடியிலிருந்து பொருள் நகர்ந்தது. இந்த இடைப்படிகளை எட்டிம்ஆன்லைன் விடாமல் சொல்லிவிடுகிறது. ஒவ்வொரு பதிவின் கீழும், அதோடு இணைந்த பிற பதிவுகள் சுருக்கமாகக் கொடுக்கப்பட்டிருக்கும். அந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். உறவுச் சொற்கள் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

ஒரே எழுத்தமைப்பில் இரண்டு சொற்கள் இருந்தால் எண்ணிட்டுத் தனித்தனிப் பதிவாகப் பிரித்திருப்பார்கள். ‘மின்ட்’ என்று தேடினால் இது ஏன் முக்கியம் என்று தெரியும். ஒன்று புதினா. கிரேக்கத்தில் மின்த்தே என்பது அந்தச் செடியின் பெயர். அதே பெயரில் ஒரு நீரணங்கை பெர்செஃபனி செடியாக மாற்றினாள் என்பது கதை. மற்றொன்று நாணயச்சாலை. அதன் மூலம் மொனேட்டா. ரோமில் கேபிட்டோலைன் குன்றில் இருந்த ஜூனோ மொனேட்டா கோயிலை ஒட்டித்தான் நாணயம் அடித்தார்கள். தெய்வத்தின் அடைமொழியே நாணயச்சாலைக்கும் பிறகு நாணயத்துக்கும் பெயரானது. ‘மனி’ என்ற சொல்லும் அதே மொனேட்டாதான். ஆனால் அது பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. ‘மின்ட்’ அதற்கு வெகு முன்பே ஜெர்மானிய மொழிகள் லத்தீனிடம் வாங்கி, பழைய ஆங்கிலத்திலேயே இருந்த சொல். மேலோட்டமாகப் படித்துவிட்டு நாணயச்சாலையை நீரணங்கோடு சேர்த்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். முதல் பதிவோடு நிற்காமல் கீழே நகர்த்திப் பார்த்தால் போதும்.

தனிமங்களின் பெயர்கள் இந்தத் தளத்தின் மிகச் சிறந்த பகுதி என்பேன். யார் பெயர் வைத்தார், எந்த ஆண்டு, ஏன் என்ற மூன்றும் பெரும்பாலும் ஒரே பத்தியில் கிடைத்துவிடுகிறது. இங்கே கவனிக்க வேண்டியது, பெயர் தொன்மத்திலிருந்து நேராக வந்ததா, அல்லது வானத்தின் வழியாக வந்ததா என்பது. யுரேனியத்துக்கு ஜெர்மானிய வேதியியலாளர் கிளாப்ரோத் 1789-இல் பெயரிட்டபோது அவர் நினைத்தது ஆகாயத் தெய்வத்தை அல்ல, 1781-இல் கண்டுபிடிக்கப்பட்டிருந்த புதிய கோளை. பெல்லேடியமும் அப்படியே: 1802-இல் காணப்பட்ட பல்லஸ் என்ற சிறுகோளின் பெயரை வோலஸ்டன் தம் புதிய உலோகத்துக்கு வைத்தார். 1803-இல் பெயர் பெற்ற சீரியம், 1801-இல் கண்டுபிடிக்கப்பட்ட சீரீஸ் சிறுகோளின் நினைவு. ஆக, காலை உணவும் அந்த உலோகமும் ஒரே தெய்வத்தின் பெயரைத் தாங்கினாலும் இரண்டுக்கும் நடுவில் நேர்வழி கிடையாது; ஒன்று வயல் வழியாக வந்தது, மற்றொன்று தொலைநோக்கி வழியாக. ஆனால் அதே கிளாப்ரோத் 1795-இல் டைட்டேனியத்துக்குப் பெயர் வைத்தபோது ஜீயஸுக்கு முந்தைய தலைமுறைத் தெய்வங்களான டைட்டன்களிடமே நேராகப் போனார்.

டான்டலமும் நையோபியமும் இன்னும் அழகு. நீரில் நிற்க வைக்கப்பட்டும் குடிக்க முடியாத டான்டலஸின் தண்டனை எல்லாருக்கும் தெரியும். ஆசை காட்டி வதைப்பதைக் குறிக்கும் ‘டான்டலைஸ்’ என்ற வினையும் அவனிடமிருந்துதான். 1802-இல் ஸ்வீடனின் ஏக்கபெர்க் கண்ட உலோகத்தின் ஆக்சைடு அமிலத்துக்குள் மூழ்கிக் கிடந்தும் அமிலத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. அதனால் அந்தப் பெயர். பிறகு 1844-இல் ஹைன்ரிஹ் ரோசே, டான்டலத்தோடு ஒட்டியே தாதுவில் கிடைக்கும் இன்னொரு உலோகத்துக்கு டான்டலஸின் மகள் நையோபியின் பெயரை வைத்தார். அதே உலோகத்தை 1801-லேயே ஹேச்செட் கண்டு கொலம்பியம் என்று அழைத்திருந்ததால், இரண்டு பெயர்களும் நெடுங்காலம் போட்டி போட்டன. அமெரிக்கப் பழைய உலோகவியல் நூல்களில் கொலம்பியம் என்று பார்த்தால் குழம்ப வேண்டாம்; 20ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் நையோபியம் என்பது பன்னாட்டு அளவில் முடிவானது. இந்த வகைப் பதிவில் இரண்டு ஆண்டுகள் இருப்பது வழக்கம்: கண்டுபிடித்தவர் லத்தீனிலோ ஜெர்மனிலோ பெயர் வைத்த ஆண்டு ஒன்று, ஆங்கிலத்தில் அந்தச் சொல் முதலில் தென்பட்ட ஆண்டு இன்னொன்று. இரண்டும் ஒன்றல்ல.

குணங்களைக் குறிக்கும் சொற்களிலும் வானம் குறுக்கிடுகிறது. ‘ஜோவியல்’ கலகலப்பானவர், ‘சாட்டர்னைன்’ முகம் இறுகியவர், ‘மெர்குரியல்’ நொடிக்கு நொடி மாறுகிறவர். இவற்றைத் தொன்மக் கதையின் தெய்வக் குணங்களாக விளக்கப் போனால் முட்டிக்கொள்ளும். ரோமானியக் கதையில் சாட்டர்ன் ஆண்ட காலம் பொற்காலம். அவருடைய விழாவான சாட்டர்னாலியா ஆண்டின் மிகக் கொண்டாட்டமான நாள்கள். அந்தத் தெய்வத்தின் பெயர் ஏன் இருண்ட மனத்தைக் குறிக்கிறது? சோதிடத்தில் சனிக் கோளின் பலன் அது. ஜோவியலும் வியாழனின் ஆதிக்கத்தில் பிறந்தவர் என்ற சோதிடக் கருத்துதான். எட்டிம்ஆன்லைன் இதைத் தெளிவாகச் சொல்கிறது. மாணவர்களுக்கான பல சொற்பட்டியல்கள் சொல்வதில்லை.

இப்போது சிக்கலான இடத்துக்கு வருவோம். கிரேக்கத்தில் பல தெய்வப் பெயர்கள் வெறும் பொதுச்சொற்கள். ஹிப்னோஸ் என்றால் தூக்கம், ஃபோபோஸ் என்றால் அச்சம், எக்கோ என்றால் ஒலி, லெத்தே என்றால் மறதி, அராக்னே என்றால் சிலந்தி. அவற்றுக்கே உருவம் கொடுத்து தெய்வமாகவும் பெண்ணாகவும் ஆறாகவும் கதை சொன்னார்கள். ஆகவே ‘ஹிப்னாசிஸ்’ தூக்கத் தெய்வத்திடமிருந்து வந்தது என்று சொல்வது தவறு. அது தூக்கம் என்ற சொல்லிலிருந்து வந்தது. ‘ஃபோபியா’வும் அப்படியே. மந்தத்தைக் குறிக்கும் ‘லெத்தார்ஜி’யில் மறதி என்ற பொதுச்சொல் இருக்கிறது, லெத்தே என்ற பாதாள ஆறு இல்லை. எட்டிம்ஆன்லைன் இந்த வேறுபாட்டைக் காட்டுகிறது, ஆனால் ரொம்ப மெல்லிய குரலில்: கிரேக்கச் சொல் பெரிய எழுத்தில் தொடங்குகிறதா சிறிய எழுத்தில் தொடங்குகிறதா என்பதும், அதற்குத் தரும் பொருளும்தான் அடையாளம். அதோடு, கிரேக்கச் சொற்களை இத்தளம் ரோமன் எழுத்தில்தான் தருகிறது. கிரேக்க எழுத்து தெரிந்தவருக்கு அது குறையாகவே படும்.

இந்த இடத்தில் விக்சனரி என்ற இணைய அகராதியின் ஆங்கிலப் பதிப்பு மேல். 2002 டிசம்பரில் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் திருத்தலாம். அதில் கிரேக்கத் தலைச்சொற்களுக்கே தனிப் பக்கம் உண்டு. பொதுச்சொல்லுக்கு ஒன்று, பெயருக்கு ஒன்று. நெடில் குறில் அடையாளமும், கிரேக்க எழுத்தும், அந்தச் சொல்லிலிருந்து பிற மொழிகளில் கிளைத்தவையும் அங்கே கிடைக்கும். யாரும் திருத்தலாம் என்பதால் பக்கத்தின் அடியில் மேற்கோள் நூல் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தச் சொற்பிறப்பைத் துப்பாகப் பயன்படுத்தலாம், சான்றாகப் பயன்படுத்தக் கூடாது. வரலாறு என்ற தாவலில் யார் எப்போது என்ன மாற்றினார்கள் என்பதும் தெரியும்.

தொன்மம் போலத் தோன்றி ஏமாற்றும் சொற்கள் இன்னொரு சோதனை. ஒரு சொற்பிறப்பு அகராதியின் தரத்தை இவற்றை வைத்தே அளந்துவிடலாம். ‘லீத்தல்’ என்ற சொல்லை எடுங்கள். லெத்தே ஆற்றிலிருந்து வந்தது என்று எழுதுகிறவர்கள் ஏராளம். உண்மையில் அது லத்தீனின் ‘லேட்டும்’ என்ற சொல், அதாவது மரணம். பிற்கால லத்தீனில் லெத்தே ஆற்றின் நினைவு குறுக்கிட்டதால் நடுவில் எச் என்ற எழுத்து நுழைந்தது. ஆக, சொல் தொன்மத்தைச் சேர்ந்ததல்ல, எழுத்துக்கூட்டலில் உள்ள ஒரே ஓர் எழுத்து மட்டும் தொன்மத்தைச் சேர்ந்தது! எட்டிம்ஆன்லைன் இதை இரண்டு வரியில் சரியாகச் சொல்லிவிடுகிறது. ‘அம்யூஸ்’ கலைத் தெய்வங்களான மியூஸ்களுடையது அல்ல, பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. ‘மியூசிக்’, ‘மியூசியம்’, ‘மொசைக்’ மூன்றும் அவர்களுடையவை. ‘குரோனாலஜி’ காலத்தைக் குறிக்கும் க்ரோனோஸ் என்ற சொல். பிள்ளைகளை விழுங்கிய டைட்டன் குரோனஸின் பெயர் கிரேக்கத்தில் வேறு எழுத்தில் தொடங்குகிறது. அந்த இரண்டையும் பண்டைக் காலத்திலேயே குழப்பிக்கொண்டார்கள் என்பதால் இன்றுள்ளவர்களைக் குறை சொல்ல முடியாது. ‘நார்காட்டிக்’ உணர்விழப்பு என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது, குளத்தில் முகம் பார்த்த நார்சிசஸிடமிருந்து அல்ல. நார்சிசஸ் என்ற பூவின் பெயரையும் உணர்விழப்போடு சேர்த்து விளக்குவது பழைய வழக்கம். அதை மக்கள் வழக்குப் பிணைப்பு என்று தள்ளும் ஆய்வாளர்களும் உண்டு.

இதற்கு நேர் எதிரானது ‘க்ளூ’. வடிவத்தைப் பார்த்தால் கிரேக்கத்தின் சாயலே இல்லை. நூல் உருண்டை என்று பொருள்படும் பழைய ஜெர்மானியச் சொல் அது. ஆனால் துப்பு என்ற பொருள் எங்கிருந்து வந்தது? மினோட்டார் என்ற அரக்கனைக் கொல்ல லாபிரிந்து என்ற சிக்கல் வழிக் கட்டடத்துக்குள் நுழைந்த தீசியஸிடம் அரியாட்னி கொடுத்த நூல் உருண்டையிலிருந்து. நூலைப் பிடித்துக்கொண்டே திரும்பி வந்ததால், வழி காட்டுவது எல்லாம் ‘க்ளூ’ ஆனது. அதனால் “கிரேக்க மூலச் சொற்கள்” என்று வடிகட்டித் தேடும் எந்த முறையிலும் இது சிக்காது. எட்டிம்ஆன்லைனில் இந்தச் சொல்லுக்கான பதிவிலிருந்து அதன் பழைய எழுத்துக்கூட்டலுக்கான பதிவுக்கு இணைப்பு இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் கதை முழுமையாகும். தொன்மச் சொற்களைத் தொகுக்கிறவர்கள் வடிவத்தை மட்டும் பார்க்காமல் பொருளையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

சொற்றொடர்களில்தான் இந்தத் தளம் மெலிகிறது. தனிச்சொல்லுக்காகக் கட்டியது என்பதால் அது இயல்பே. ‘பண்டோராவின் பெட்டி’யை எடுத்தால், பண்டைக் கிரேக்கக் கவிஞர் ஹெசியட் எழுதியதில் பெட்டி இல்லை, தானியமும் எண்ணெயும் சேமிக்கும் பிதோஸ் என்ற பெரிய தாழிதான் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் டச்சு அறிஞர் எராஸ்மஸ் லத்தீனில் கதையைச் சொன்னபோது அதைப் பைக்ஸிஸ், அதாவது சிறு பெட்டி, என்று எழுதினார். அதிலிருந்து பெட்டி நிலைத்துவிட்டது. ஒருவரின் பலவீனமான இடத்தைக் குறிக்கும் ‘அகிலிஸின் குதிகால்’ இன்னும் மோசம். ஹோமரின் இலியட்டில் குதிகால் கதையே கிடையாது. காயம் படாதிருக்க ஸ்டிக்ஸ் என்ற பாதாள ஆற்றில் தாய் குழந்தையைத் தோய்த்தாள் என்பது கி.பி. முதல் நூற்றாண்டின் ரோமானியக் கவிஞர் ஸ்டேஷியஸிடம்தான் வருகிறது. குதிகால் தசைநாருக்கு அவன் பெயரைச் சூட்டியதை 1693-இல் பிளெமிஷ் உடற்கூறியலாளர் வெர்ஹெய்ன் எழுதியதில் பார்க்கிறோம். இப்படிக் கதையின் பாடபேதங்கள் எந்தக் காலத்தவை என்பதை அறிய மூல நூலுக்குத்தான் போக வேண்டும். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்சியஸ் டிஜிட்டல் லைப்ரரியில் கிரேக்க, லத்தீன் மூலங்களும் ஆங்கில மொழிபெயர்ப்புகளும் அகராதிகளும் இலவசமாக உள்ளன. உரத்த குரலைக் குறிக்கும் ‘ஸ்டென்டோரியன்’ என்ற சொல்லைப் பார்த்ததும் இலியட்டின் ஐந்தாம் காண்டத்தைத் திறந்து, ஸ்டென்டர் ஐம்பது பேர் சேர்ந்து கத்தும் குரல் கொண்டவன் என்ற வரியை நேரில் படிப்பதில் ஒரு தனி நிறைவு உண்டு.

ஆண்டுகளைப் பொறுத்தவரை கடைசி நீதிமன்றம் ஆக்ஸ்ஃபோர்டு இங்கிலிஷ் டிக்‌ஷனரிதான். 1884 முதல் பகுதி பகுதியாக வந்து 1928-இல் முடிந்த முதல் பதிப்பு, 1989-இல் 20 தொகுதிகளில் இரண்டாம் பதிப்பு, 2000-லிருந்து இணையத்தில் தொடர்ந்து திருத்தம். ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்டு வரிசையில் மேற்கோள்களைக் கொடுத்திருப்பார்கள். எட்டிம்ஆன்லைன் அதைச் செய்வதில்லை. சந்தா கட்ட வேண்டும், ஆனால் நூலக உறுப்பினர் எண் வழியாகத் திறக்க வழியிருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். உள்ளே போனதும் அந்தப் பதிவு எந்த ஆண்டு திருத்தப்பட்டது என்ற குறிப்பைத் தேடுங்கள். இன்னும் திருத்தப்படாத பதிவு என்றால் நூறாண்டுக்கு முந்தைய ஆய்வு அப்படியே இருக்கலாம். அமெரிக்க அகராதியான மெரியம்-வெப்ஸ்டரின் இலவசத் தளத்திலும் முதல் பயன்பாட்டு ஆண்டு உண்டு. எட்டிம்ஆன்லைனோடு அது ஒத்துப்போகாவிட்டால் யாரோ ஒருவர் தவறு என்று முடிவு கட்ட வேண்டாம். மெரியம்-வெப்ஸ்டர் அந்த ஆண்டை எந்தப் பொருளுக்கு உரியது என்று பக்கத்திலேயே எழுதியிருக்கும். பெரும்பாலான முரண்பாடு அங்கேயே தீர்ந்துவிடும்.

இவற்றைச் சேர்த்துப் பயன்படுத்தும் வரிசையை ‘மென்டர்’ என்ற சொல்லை வைத்துச் சொல்லலாம். முதலில் எட்டிம்ஆன்லைன்: ஆங்கிலத்தில் 1750, ஒடிசியஸின் நண்பன் மென்டரின் பெயர் என்று இருக்கும். இங்கேயே நிறுத்தினால், ஹோமர் காலத்திலிருந்து மென்டர் ஞானகுருவாக இருந்தான் என்ற எண்ணம் வரும். அடுத்து பெர்சியஸில் ஒடிசியைத் திறந்தால், மென்டர் அப்படியொன்றும் பெரிய ஆலோசகன் அல்ல. ஒடிசியஸின் மகன் டெலிமாக்கஸுக்கு வழி சொல்வது பெரும்பாலும் அவன் உருவத்தில் வரும் அதீனாதான். பிறகு ஒரு கேள்வி எழ வேண்டும்: இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பொதுச்சொல்லாக மாறாத பெயர் 18ஆம் நூற்றாண்டில் ஏன் திடீரென்று மாறியது? விடை 1699-இல் வெளியான ஃபெனலோனின் ‘டெலிமாக்’ என்ற பிரெஞ்சு நூல். அதில் மென்டர் பக்கத்துக்குப் பக்கம் அறிவுரை சொல்கிறான், ஐரோப்பா முழுவதும் அது படிக்கப்பட்டது. தொன்மப் பெயருக்கும் ஆங்கிலப் பதிவுக்கும் நடுவே பெரிய கால இடைவெளி இருந்தால், நடுவில் ஒரு நூலோ கருவியோ கோளோ நிற்கிறது என்று சந்தேகப்படுங்கள். ‘சைரன்’ என்ற சொல் பாடி மயக்கும் பெண்களிடமிருந்து ஊதுகுழலுக்குத் தாவியதும் அப்படித்தான்: 1819-இல் கான்யார் தெ லா தூர் செய்த ஒலிக்கருவி நீருக்கடியிலும் ஒலித்ததால் அதற்கு அந்தப் பெயரை வைத்தார்.

எட்டிம்ஆன்லைனுக்குக் கைப்பேசிச் செயலியும், உலாவியில் சேர்த்துக்கொள்ளும் நீட்சியும் இருக்கின்றன. சொல்லைத் தொட்டதும் பதிவு திறக்கும் நீட்சி படிக்கும்போது வசதி. ஆனால் தெய்வப் பெயரைத் தட்டி உறவுச் சொற்களைத் திரட்டும் வேலைக்குத் தளத்தின் தேடுபெட்டியே நல்லது. பள்ளி மாணவர்களுக்கும், போட்டித் தேர்வுக்கு ஆங்கிலச் சொல்வளம் சேர்க்கிறவர்களுக்கும், மொழிபெயர்ப்பாளர்களுக்கும் தயங்காமல் பரிந்துரைக்கலாம். ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர்கள் இதிலிருந்து நேராக மேற்கோள் காட்டாமல், இது காட்டும் பாதையில் ஆக்ஸ்ஃபோர்டுக்கும் மூல நூலுக்கும் போக வேண்டும்.

இந்தத் தளத்தின் நேர்மையைப் பார்க்க விரும்பினால் ‘டைஃபூன்’ பதிவைத் திறந்து படியுங்கள். ஜீயஸை எதிர்த்த அரக்கன் டைஃபோனின் பெயரும் சூறைக்காற்று என்ற கிரேக்கச் சொல்லும் ஒரு பக்கம். அரபு, பாரசீகம், இந்தி ஆகியவற்றில் வழங்கும் தூஃபான் இன்னொரு பக்கம். பெருங்காற்று என்று பொருள்படும் சீனச் சொல் மூன்றாவது. 1588-இல் வெனிஸ் வணிகர் ஒருவரின் கீழ்த்திசைப் பயணக் குறிப்பு ஆங்கிலத்தில் வந்தபோது புயல் என்ற பொருளில் பதிவாகிறது. இந்த மூன்றும் கடலோடிகளின் வாயில் ஒன்றோடொன்று கலந்தன. மலிவான பட்டியல்கள் அரக்கனை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிடும். எட்டிம்ஆன்லைன் கிரேக்கத்தை மட்டும் பிடித்துக்கொள்ளாமல் மற்ற வழிகளையும் அதே பத்தியில் வைக்கிறது. அரபுச் சொல்லே கிரேக்கத்திடமிருந்து போயிருக்கலாம் என்ற வாய்ப்பையும் திறந்தே விட்டிருக்கிறது.